ஐந்து ஸ்டார் எப்படி நான்கு ஆனது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2021-இல் ஐந்து ஸ்டார் பார்த்துத்தான் ஒன்றரை டன் ஏ.சி. வாங்கினேன். 2022 தீபாவளிக்கு என் தம்பி அதே மாடலை வாங்கினான், அதில் நான்கு ஸ்டார்தான் ஒட்டியிருந்தது. எங்களில் யாரை ஏமாற்றினார்கள்?"

யாரையும் இல்லை. இயந்திரம் அப்படியேதான் இருக்கிறது, மாறியது அளவுகோல். 2001-இல் வந்த எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது, பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் பணியகம். 2006-இல் அது ஸ்டார் லேபிளைக் கொண்டுவந்தது, 2010-இல் ஏ.சி.க்கு அதைக் கட்டாயமாக்கியது. எல்லாரும் ஐந்தைத் தொட்டுவிட்டால் ஸ்டாருக்கு என்ன மதிப்பு? ஆகவே அவ்வப்போது படிகளை உயர்த்துகிறார்கள். ஸ்பிளிட் ஏ.சி.க்கு 2018-இல் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் 4.5 இருந்தால் ஐந்து ஸ்டார். 2022 ஜூலையில் அது 5.0 ஆக உயர்ந்தது. வாசகரின் ஏ.சி. இந்த இரண்டுக்கும் நடுவே இருந்திருக்கும்.

அந்த எண் என்ன? ஒரு வருடத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தை, அதற்குச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் வருவது. வருடம் என்பது இங்கே 1600 மணி நேரம். வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை எத்தனை மணி நேரம் எப்படி இருக்கும் என்று ஒரு இந்திய சராசரி வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கில் 43 டிகிரி வெயிலுக்குச் சில மணி நேரம்தான்; பெரும்பகுதி மிதமான நேரம். அதாவது ஏ.சி. முழு மூச்சில் ஓடத் தேவையில்லாத நேரம்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய இன்வெர்ட்டர் ஏ.சி. மின்சாரத்தை மிச்சப்படுத்துவது அடிக்கடி நின்று நின்று ஓடாததால் என்றுதான் பலரும் சொல்வார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை. ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதுபோல் வெப்பத்தைக் கீழிருந்து மேலே தூக்குகிறது. வெளியே 35 டிகிரி என்று வையுங்கள். முழு வேகத்தில் அவ்வளவு வெப்பத்தையும் வெளியே தள்ள, வெளி யூனிட்டின் காயில் (சுருள் குழாய்) தோராயமாக 50 டிகிரிக்குச் சூடாக வேண்டும். உள்ளே இருக்கும் காயில் 8 டிகிரிக்குக் குளிர வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தூக்க வேண்டிய உயரம்: 42 டிகிரி. இப்போது கம்ப்ரசர் பாதி வேகத்துக்கு இறங்குகிறது. காயில்கள் அதே அளவு, வேலையோ பாதி. வெளிக் காயில் 42 டிகிரியிலும், உள்காயில் 13 டிகிரியிலும் சமாளித்துவிடும். உயரம் 29 ஆகிவிட்டது! கிணற்று நீர்மட்டம் ஏறிவந்த மாதிரி, ஒவ்வொரு குடத்துக்கும் இழுக்க வேண்டிய கயிறு குறைகிறது. பழைய ரக ஏ.சி.யோ ஓடும்போதெல்லாம் முழு வேகத்தில்தான் ஓடும், முழு உயரமும் தூக்கும், அப்புறம் நிற்கும்.

ஐந்து ஸ்டார் ஏ.சி.யின் வெளி யூனிட் பெரும்பாலும் பெரிதாக, கனமாக இருப்பதும் இதனால்தான். காயில் பெரிதானால் உயரம் குறையும். விலை ஏறுவதும் அங்கேதான்.

2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ஏ.சி.கள் ஆன் செய்ததும் தாமாகவே 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்ற விதியும் இதே கணக்குத்தான். 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது நம் வீடுகளில் சனிப்பெயர்ச்சிக்கு நிகரான நம்பிக்கை. சூடான அறையில் 24 வைத்தாலும் கம்ப்ரசர் முழு வேகத்தில்தான் தொடங்கும். 16 வைத்தால் நிற்க மறுக்கும், அவ்வளவுதான்.

இந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. லேபிளில் போடும் எண்ணை நிறுவனமே அளந்து தருகிறது. பணியகம் கடைகளில் மாதிரி வாங்கிச் சோதிக்கும் ஏற்பாடு இருக்கிறது, ஆனால் விளம்பரத்துக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை அந்தச் சோதனைக்கூடங்களுக்குத் திருப்பினால் நான் இன்னும் நிம்மதியாக ஏ.சி. வாங்குவேன்.

கடையில் ஸ்டாரை எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள். 2022 படிநிலையில் 4.40-உம் நான்கு ஸ்டார், 4.99-உம் நான்கு ஸ்டார். லேபிளின் கீழே வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும். அதுவும் 1600 மணி நேரத்துக்கு, அதாவது நாளைக்கு 8 மணி நேரம் வீதம் 200 நாளுக்கு. சென்னையில் பத்து மாதம் ராத்திரி முழுக்க ஓட்டுகிறவர்கள் அந்த எண்ணை ஒன்றரை மடங்காக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.