டெய்லிங்ஸ்: வாலா, சக்கையா?

யுரேனிய ஆலையைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே வழிமறிக்கும் சொல் 'டெய்லிங்ஸ்'. தாதுவை மாவாக அரைத்து, அமிலத்திலோ காரத்திலோ ஊறவைத்து, யுரேனியத்தைப் பிரித்தபின் எஞ்சும் மணலும் சேறும்தான் அது. 'சுரங்கக் கழிவு' என்று எழுதுவோர் உண்டு. அது வேறு பொருள். தாதுவை எட்டுவதற்காக வெட்டி ஒதுக்கிய வெறும் பாறைதான் சுரங்கக் கழிவு. டெய்லிங்ஸ் ஆலைக்குள் போய் வந்தது.

ஆங்கிலத்தில் 'டெய்ல்' என்றால் வால். வேலையின் வால்பக்கம் வந்து விழுவது என்பதால் இந்தப் பெயர். நானும் ஒருமுறை 'வால்படிவு' என்று எழுதிப் பார்த்தேன், படித்தவர் சிரித்தார். சிரிப்பு கிடக்கட்டும், வால் என்றால் துண்டு துக்கடா என்றல்லவா தோன்றுகிறது? ஆயிரம் கிலோ தாதுவில் யுரேனியம் இரண்டு மூன்று கிலோ இருந்தாலே நல்ல தாது. மீதி அத்தனையும் வால்!

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் ஊரை ஒட்டி இருந்த ஆலையைப் பாருங்கள். அருகே பெரும் யுரேனியப் படிவைக் கண்டுபிடித்த சார்லஸ் ஸ்டீன் 1956இல் அதை நிறுவினார். 1962இல் அட்லஸ் நிறுவனத்துக்குக் கைமாறி, 1984இல் நின்றுபோனது. மிச்சமாகக் கிடந்தது 1.6 கோடி டன். 130 ஏக்கரில் ஒரு செம்மண் மேடு, கொலராடோ ஆற்றிலிருந்து 230 மீட்டர் தொலைவில். 2009 முதல் அதை மூடியிட்ட எஃகுப் பெட்டிகளில் அள்ளி, ரயிலில் சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கினார்கள்.

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் சாட்சி. அங்கே ஆலையிலிருந்து வந்ததை 'மணல்' என்றே மக்கள் எண்ணினார்கள். இலவசமாகக் கிடைத்தது, சீராகவும் இருந்தது. 1950களிலும் 60களிலும் வீட்டு அடித்தளத்துக்கும் நடைபாதைக்கும் அள்ளிக் கொட்டினார்கள். அதில் கதிரியக்கம் இருந்ததால், பிறகு ஆயிரக்கணக்கான மனைகளைத் தோண்டித் துப்புரவு செய்ய நேர்ந்தது.

என் தேர்வு 'தாதுச்சக்கை'. காரணம் 'ஆலை'யிலேயே இருக்கிறது. பஞ்சாலையும் இரும்பாலையும் வருமுன் ஆலை என்றால் கரும்பு ஆலைதான். பட்டினப்பாலையின் 'கமழ் ஆலை' கரும்பு மணப்பது. ஆலை இருக்குமிடத்தில் சக்கை இருக்கும்.

ஒரு குறை உண்டு. சாறு போனபின் சக்கையில் ஒன்றுமில்லை என்று நினைக்கப் பழகியிருக்கிறோம். இங்கே தாதுவின் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு சக்கையிலேயே தங்கிவிடுகிறது. யுரேனியத்தைத்தான் எடுத்தார்கள், ரேடியம் அங்கேயே கிடக்கிறது, அது பாதியாகக் குறையவே 1600 ஆண்டு பிடிக்கும். ஆகவே முதல் முறை எழுதும்போது 'கதிரியக்கத் தாதுச்சக்கை' என்று முழுதாக எழுதிவிடுவது நல்லது. பிறகு சக்கைக்குளம், சக்கைமேடு என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஆலை பிரித்தெடுக்கும் யுரேனியத் தூளுக்கு ஆங்கிலத்தில் 'யெல்லோ கேக்' என்று பெயர். அதை மட்டும் 'மஞ்சள் பிண்ணாக்கு' ஆக்கிவிடாதீர்கள். செக்கில் பிண்ணாக்கு மிச்சம். இங்கே அந்த மஞ்சள் தூள்தான் எண்ணெய்.