இருமல் இல்லாத டிபி

"இவருக்கு இருமலே கிடையாதே சார், டிபின்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. கணவருக்கு 45 வயது. 2 மாதமாகச் சாயந்திரமானால் காய்ச்சல். எடை 8 கிலோ குறைந்திருந்தது. கல்லீரலில் 5 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. அமீபா சீழ்க்கட்டி என்று வேறோர் இடத்தில் மெட்ரோனிடசோல் கொடுத்தும் காய்ச்சல் விடவில்லை. அப்புறம் யாரோ புற்றுநோயாக இருக்கலாம் என்று சொல்ல, குடும்பமே இடிந்துபோய் வந்திருந்தது. மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சளியிலும் கிருமி இல்லை.

டிபி கிருமி ரத்தத்தில் கலந்தால் எந்த உறுப்பிலும் போய் உட்காரும். கல்லீரலில் பெரும்பாலும் தினையளவுப் புள்ளிகளாகப் பரவும். பல சமயம் காமாலை தெரியாது, ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறியிருக்கும். இவருக்கு வந்ததுபோல் தனிக்கட்டியாக நிற்பது அரிது. சிலருக்குப் பித்தக்குழாய்ப் பக்கத்து நிணநீர் நெறிகள் வீங்கிக் குழாயை அழுத்தும். காமாலை, அரிப்பு, வெளுத்த மலம் என்று பித்தக்குழாய்ப் புற்றுநோயை அப்படியே உரித்துவைத்ததுபோல் இருக்கும். ஸ்கேனை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. திசு வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஆதங்கம். திசு எடுக்கும் பயாப்ஸி ஊசியில் வருவது நூல் போன்ற ஓர் இழை. பழக்கத்தில் மொத்தத்தையும் திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டுவிடுகிறோம். அதில் கிருமி செத்துப்போகும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் வளராது. ஓர் இழையையாவது சாதா சலைனில் போட்டு கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கும் அனுப்ப வேண்டும். கிருமி தென்பட்டால், ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதையும் ஜீன் எக்ஸ்பர்ட் சொல்லிவிடும். கல்லீரல் திசுவில் கிருமிகள் குறைவு. நெகட்டிவ் என்று வந்ததும் டிபி இல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது. "டிபிக்கும் அனுப்புறீங்களா டாக்டர்?" என்று குடும்பத்தாரே தயங்காமல் கேட்கலாம்.

டிபி என்று முடிவானதும் இவருக்கு 6 மாத மருந்து, அரசு மருத்துவமனையில் இலவசம். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால் குடியை அறவே விடச் சொன்னேன். வாந்தி வந்தாலோ, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனாலோ அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே வந்து காட்ட வேண்டும்.

மூன்றாம் வாரம் காய்ச்சல் விட்டது. 2 மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தது. அன்றுதான் அந்த அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார், கணவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருக்கிறாராம். நுரையீரலில் டிபி இல்லை, இது காற்றில் பரவாது, தட்டிலும் ஒட்டாது என்று விளக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னைக்கே ஒண்ணா வெச்சிடறேன் சார்" என்றார் அந்த அம்மா.