நாய்க் கயிறு தோளில் தொங்கவிடுவதற்கு அல்ல

போன ஞாயிறு காலை ஏழரை மணிக்கு ஒரு லேப்ரடாரைப் போர்வையில் கிடத்தி நாலு பேர் தூக்கி வந்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. திருவான்மியூரில் பூனையைக் கண்டு சாலையின் குறுக்கே பாய்ந்து ஸ்கூட்டரில் அடிபட்டிருக்கிறது. ஸ்கூட்டர் ஓட்டி வந்த பெண்ணுக்கும் மணிக்கட்டு முறிவு. நாயின் தலையைத் தாங்கி நின்ற வீட்டுக்காரரின் தோளில் அதன் கயிறு துண்டுபோலக் கிடந்தது. புதுக் கயிறு, விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. "நம்ம சீசர் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான் டாக்டர், அதான் கழட்டி விட்டேன்" என்றார், கண் கலங்கி.

இந்த மாதத்தில் இது மூன்றாவது.

"கடிக்காது" என்ற இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கடிக்காது, சரி. பூனையைத் துரத்தாதா? கல்யாண ஊர்வலத்தில் திடீரென்று வெடி போட்டால் மிரண்டு ஓடாதா? அன்பு மிகுந்து மேலே தாவினால், மூட்டு அறுவை சிகிச்சை முடித்து மெல்ல நடந்து வரும் பெரியவர் என்ன ஆவார்? நாய் என்றாலே நடுங்கும் குழந்தைக்கு உங்கள் நாயின் குணம் எப்படித் தெரியும்? "கூப்பிட்டா வந்துடும்" என்பது வீட்டுக் கூடத்தில் உண்மை. எதையாவது துரத்தும் நாயின் காதில் உங்கள் குரல் ஏறாது. போதாக்குறைக்கு, நம் ஊரில் தெருவுக்குத் தெரு நாய்க் கூட்டம் உண்டு. அவற்றின் எல்லைக்குள் அவிழ்த்துவிட்ட வீட்டு நாய் நுழைந்தால், கிழிபட்டுத் திரும்புவது வீட்டு நாய்தான். முரட்டு நாயை வைத்திருப்பவர்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். என்னிடம் தையலுக்கு வருபவை பெரும்பாலும் சாதுக்கள்.

கயிறு விதி ராட்வைலருக்கு மட்டும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறிய பிறகு கெடுபிடி கூடியது உண்மைதான். ஆனால் பொது இடத்தில் கயிறு எல்லா இனத்துக்கும் கட்டாயம், பொமரேனியனுக்கும் சேர்த்து. நாய் வளர்க்கச் சென்னை மாநகராட்சியின் உரிமம் வேண்டும். அதற்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும், அடையாளத்துக்கு நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப்பும் பொருத்த வேண்டும். உரிமம் இல்லையென்றால் 5,000 ரூபாய் அபராதம். கவனக்குறைவால் நாய் யாருக்காவது ஆபத்து விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையும் உண்டு.

நாய் கடிக்காமலிருக்க அதன் முகத்தில் மாட்டும் வாய்மூடியை வாங்கும்போது மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. சென்னை வெயிலில் வாயைக் கட்டி நடத்திக் கூட்டிப் போய், வெப்பத்தாக்கத்தில் விழுந்த நாய்களை நான் மேசையில் பார்த்திருக்கிறேன். கூடை வடிவில் இருப்பதை வாங்குங்கள். அதைப் போட்டபடியே நாய் நாக்கை நீட்டலாம், தண்ணீரும் குடிக்கலாம்.

நீண்டு சுருங்கும் கயிறு போக்குவரத்துள்ள தெருவுக்கு ஆகாது. ஆறடிக் கயிறு போதும். கயிற்றைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாயை வெளியே அழைத்துப் போகாதீர்கள். தடுப்பூசி முடியாத குட்டியைத் தெரு மண்ணில் இறக்கவே கூடாது, குட்டிகளின் உயிரைக் குடிக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். மலத்தை நீங்களே அள்ளுங்கள். அதில் இருக்கும் கொக்கிப்புழு, வெறுங்காலோடு விளையாடும் குழந்தையின் தோல் வழியே ஏறும்.

பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் அங்கே கரையேறி முட்டையிடும். நாய் மோப்பம் பிடித்து அந்தக் குழியைத் தோண்டிவிடும். தயவுசெய்து அந்த மாதங்களில் மணலில் அவிழ்த்துவிடாதீர்கள்.

உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால், பல் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் செய்து, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். "எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு" என்று சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள்.

சீசருக்குத் தகடு வைத்தாயிற்று. ஆறு வாரம் நடை கிடையாது. முதலில் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பினேன்.