சாய்வு பிறக்கும் இடம்

சுவரில் மாட்டிய படம் துளி சாய்ந்திருந்தாலும் உறுத்தும். எழுந்துபோய் நேராக்கிவிட்டு வந்தால்தான் நிம்மதி. ஆனால் அந்தச் சாய்வைப் பிடித்தது கண் இல்லை. மனிதரிலும் மக்காக் குரங்கிலும் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் செல்களில் பெரும்பாலானவை புள்ளியைப் பார்ப்பவை. ஒரு சிறு வட்டத்தின் நடுவில் வெளிச்சம் பட்டால் துடிக்கும் (மின்துடிப்புகளை அனுப்பும்), ஓரத்தில் பட்டால் அடங்கும். சிலவற்றில் இதற்கு நேரெதிர். வட்டத்துக்கு ஏது சாய்வு? எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். வழியில், மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்ற பகுதியில் இருக்கும் இடைநிலையத்திலும் இதே கதை.

சாய்வு எங்கே பிறக்கிறது என்பது 1958இல், கிட்டத்தட்ட தற்செயலாகத் தெரியவந்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹூபெலும் டார்ஸ்டன் வீசலும் மயக்கத்தில் இருந்த பூனையின் பார்வைப் புறணிக்குள் (பார்வையைக் கவனிக்கும் மூளையின் வெளிப்பரப்புப் பகுதி) மெல்லிய மின்முனையைச் செலுத்தி, ஒற்றை செல்லின் துடிப்பை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தகட்டில் ஒட்டிய கரும்புள்ளியைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனார்கள், செல் அசையவில்லை. தகட்டைக் கருவிக்குள் செருகும்போது மட்டும் படபடவென வெடித்தது. புள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தகட்டின் விளிம்பு விழித்திரையில் மெல்லிய கோடாக நிழல் வீசியிருக்கிறது. அந்தக் கோடு குறிப்பிட்ட ஒரு கோணத்தில் நகர்ந்தபோதுதான் செல் விழித்துக்கொண்டது. பத்து வருடம் கழித்து, 1968இல், மக்காக் குரங்கிலும் இத்தகைய செல்களை விவரித்தார்கள். 1981இல் நோபல் பரிசு.

சரி, வட்டங்களிலிருந்து கோடு எப்படி வரும்? அவர்கள் முன்வைத்த விளக்கம் அழகாக எளிமையானது. இடைநிலையத்து செல்களில் பார்வை வட்டங்கள் ஒரே வரிசையில் அமைந்த சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் கம்பிகளையெல்லாம் புறணியில் உள்ள ஒரே செல்லில் கொண்டுபோய் இணையுங்கள். அந்த வரிசையோடு ஒட்டி ஒரு கோடு விழுந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் துடிக்கும், மேலே உள்ள செல் கிளம்பிவிடும். குறுக்கே விழுந்தால் ஒன்றிரண்டுதான் துடிக்கும், அது போதாது. ஆக, சாய்வு என்பது எந்த செல்லுக்குள்ளும் ஒளிந்திருக்கும் திறமை அல்ல, யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பதுதான். குரங்கில் ஒரு படி கூடுதல்: புறணியின் பல அடுக்குகளில், கம்பிகள் வந்து இறங்கும் 4சி என்ற அடுக்கிலும் ஏராளமான செல்கள் இன்னும் வட்டம்தான் பார்க்கின்றன. அதற்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளில்தான் சாய்வு கூர்மையாகத் தலைகாட்டுகிறது. அக்கம்பக்கத்து செல்கள் ஒன்றையொன்று அடக்குவதும் இந்தக் கூர்மைக்குக் கைகொடுக்கிறது.

மின்முனையைப் புறணிக்குள் செங்குத்தாக இறக்கினால் வழியில் வரும் செல்கள் பெரும்பாலும் ஒரே கோணத்தையே விரும்புகின்றன. பக்கவாட்டில் நகர்த்தினால் ஒவ்வொரு 50 மைக்ரோமீட்டருக்கும் விருப்பக் கோணம் ஏறக்குறைய 10 டிகிரி திரும்பும். ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே 180 டிகிரியும் முடிந்துவிடும். 1980களில் புறணியின் மேற்பரப்பையே படம்பிடிக்கும் முறைகள் வந்தபோது இதன் முழு உருவம் தெரிந்தது: கோணத்துக்கு ஒரு நிறம் கொடுத்தால் ஒரு புள்ளியைச் சுற்றி எல்லா நிறங்களும் காற்றாடியின் இதழ்கள் போல விரிகின்றன. ஒரே ரசனை உள்ளவர்கள் பக்கத்தில் இருந்தால் கம்பிச் செலவு குறைவு என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. எலியின் புறணியில் இந்தக் காற்றாடிகளே கிடையாது, எல்லாக் கோணங்களும் உப்பும் மிளகும்போலக் கலந்து கிடக்கின்றன. ஆனாலும் தனித்தனி செல்கள் சாய்வைப் பிரிக்கத்தான் செய்கின்றன.

மேல் அடுக்குகளில் இன்னொரு பின்னலும் உண்டு. சில மில்லிமீட்டர் தூரம் பக்கவாட்டில் ஓடும் இழைகள், இடையில் இருப்பவர்களைத் தாண்டி, தன் கோணத்தையே விரும்பும் செல்களைத் தேடிப் பிடித்து இணைகின்றன. கிளைகளுக்குப் பின்னால் துண்டு துண்டாகத் தெரியும் கம்பத்தை ஒரே கம்பமாகப் பார்க்கிறோமே, அதற்கு இந்த இழைகள் உதவுவதாகக் கருதுகிறார்கள்.

இதையெல்லாம் வைத்து ஒரு செல்லுக்குக் கோணம் "தெரியும்" என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு செல் அரைமனதாகத் துடிக்கிறது என்றால், கோடு அதன் விருப்பத்திலிருந்து விலகியிருக்கலாம், அல்லது சரியான கோணத்திலேயே மங்கலாக இருக்கலாம். அந்தத் துடிப்பை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. அதோடு செல் அவ்வளவு கறாரும் இல்லை, பத்து இருபது டிகிரி விலகினாலும் ஓரளவு துடிக்கும். ஆனால் நல்ல வெளிச்சத்தில் நாம் ஒரு டிகிரி வித்தியாசத்தைக்கூடக் கண்டுபிடிக்கிறோம். இது ஒரு கூட்டத்தின் தீர்ப்பு. கோடு மங்கினால் எல்லாருடைய குரலும் சேர்ந்து இறங்கும். கோணம் மாறினால் சிலர் குரல் ஏறி சிலர் குரல் இறங்கும்.

வேண்டுமானால் நீங்களே சோதிக்கலாம். செங்குத்திலிருந்து 15 டிகிரி வலப்பக்கம் சாய்ந்த கோடுகளைத் தாள் நிறைய வரைந்து, தலையைச் சாய்க்காமல் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அப்புறம் சட்டென்று நேரான கோடு ஒன்றைப் பாருங்கள். அது சற்றே இடப்பக்கம் சாய்ந்து தெரியும். வலப்பக்கச் சாய்வை விரும்பும் செல்கள் ஓயாமல் துடித்துக் களைத்துப்போய்விட்டன. அவற்றின் குரல் அடங்கிய நேரத்தில் எதிர்த்தரப்பின் கை ஓங்கியிருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கோடு நேராகியிருக்கும்.