மணி பார்த்து இடம் சொல்லும் கருவி

குமரிக் கடலோரத்து மூத்த மீனவர்கள் கரையை விட்டு வெகுதூரம் போய், கடலுக்கடியில் கிடக்கும் ஒரு பாறைத்திட்டுக்கு நேர் மேலே படகைக் கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். தண்ணீரில் எந்த அடையாளமும் இருக்காது. அவர்கள் பார்ப்பது கரையை. மாதா கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் தெரியும் மலை முகடும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு தென்னந்தோப்பும் வேறொரு குன்றும் அதேபோல ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பாறை இருக்கும், பாறையில் மீன் இருக்கும்.

இடம் தெரிந்த பொருள்களை வைத்து, இடம் தெரியாமல் நிற்கும் நம்மைக் கண்டுபிடிப்பது. ஜி.பி.எஸ். செய்வதும் இதே வேலைதான். ஆனால் அதற்கு அடையாளமாக நிற்கும் கோபுரங்கள் தரையில் இல்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்குச் சுமார் 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள்கள் அவை. அவற்றைக் கண்ணால் பார்த்து நேர்கோடு பிடிக்க வழியில்லை. அதனால் பார்வைக்குப் பதில் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார்கள்: நேரம்.

அதற்குள் போகும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். "சாட்டிலைட் மேலிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறதா?" என்று பலரும் கேட்பதுண்டு. இல்லை. வழிகாட்டும் செயற்கைக்கோளுக்கு நீங்கள் ஒருவர் இருப்பதே தெரியாது. அது ஒரு வானொலி நிலையம் மாதிரி. தன் பாட்டுக்கு ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். கேட்பவர் ஒருவரா, நூறு கோடிப் பேரா என்ற கணக்கு அதனிடம் இல்லை. உங்கள் கைப்பேசி அதைக் கேட்டு, தன் இடத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்த இடத்தை ஆட்டோ செயலிக்கோ மேப்புக்கோ அனுப்புவது கைப்பேசியின் இணையம். யார் நம்மைக் கண்காணிக்கிறார்கள் என்று கவலைப்படுபவர்கள் வானத்தைப் பார்க்க வேண்டாம், செயலிகளுக்குக் கொடுத்த அனுமதிகளைப் பார்த்தால் போதும்.

சரி, அந்த ஒலிபரப்பில் என்ன இருக்கிறது? சுருக்கமாகச் சொன்னால் இரண்டு செய்திகள்: "நான் இப்போது இந்த இடத்தில் இருக்கிறேன். என் கடிகாரத்தில் இப்போது மணி இது." அந்த அலை ஒளியின் வேகத்தில், நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர், நம்மை நோக்கி வருகிறது. கிளம்பியதற்கும் வந்து சேர்ந்ததற்கும் இடையே 0.07 நொடி ஆனால், அந்தச் செயற்கைக்கோள் (இனிச் சுருக்கமாகக் கோள்) நம்மிடமிருந்து 21,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆக, அந்தக் கோளை மையமாக வைத்து 21,000 கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு பெரிய உருண்டையை நினைத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பில் எங்கோ ஓரிடத்தில் நாம் இருக்கிறோம். இரண்டாவது கோளின் உருண்டை அதை வெட்டினால் ஒரு வட்டம் கிடைக்கும். மூன்றாவது உருண்டை அந்த வட்டத்தை இரண்டே புள்ளிகளில் வெட்டும். அவற்றில் ஒன்று பெரும்பாலும் விண்வெளியில் எங்கோ கிடக்கும். மிச்சமிருப்பது நம் இடம்.

பள்ளியில் இதோடு முடித்துவிடுவார்கள். ஆனால் விஷயத்தின் அழகே இதற்குப் பிறகுதான் வருகிறது. மேலே சொன்ன கணக்கு சரியாக வர, கோளின் கடிகாரமும் நம் கடிகாரமும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 கிலோமீட்டர்: மதுரையில் இருப்பவரை பெங்களூர்ப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். கைப்பேசியில் இருப்பதோ சில ரூபாய் பெறும் குவார்ட்ஸ் கடிகாரம். அது சரியான நேரம் காட்டும் என்று யாரும் எதிர்பார்க்கவே முடியாது.

இங்கேதான் நான்காவது கோள் வருகிறது. நம் கடிகாரம் தவறாக இருந்தால், அது எல்லாக் கோள்களின் தூரத்தையும் ஒரே அளவுக்குத் தவறாகக் காட்டும். எல்லாமே 300 கிலோமீட்டர் கூடுதல், அல்லது எல்லாமே 300 கிலோமீட்டர் குறைவு. மூன்று உருண்டைகள் மட்டும் இருந்தால் எப்படியும் எங்கோ சந்தித்துக்கொள்ளும், தவறு வெளியே தெரியாது. நான்காவது உருண்டை அந்தப் புள்ளியைத் தொடாமல் விலகி நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். உடனே கைப்பேசி தன் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்திப் பார்க்கிறது, பின்னே நகர்த்திப் பார்க்கிறது. எந்த ஒரு திருத்தத்தில் நான்கும் ஒரே புள்ளியில் வந்து சேர்கின்றனவோ, அதுதான் உண்மையான நேரம். அந்தப் புள்ளிதான் உண்மையான இடம். முன்பின், பக்கவாட்டு, உயரம், நேரம் என்று தெரியாதவை நான்கு. சமன்பாடுகளும் நான்கு. அதாவது நம் இடத்தைக் கண்டுபிடிக்கும் அதே கணக்கில், வானத்திலுள்ள அணுக்கடிகாரத்தின் துல்லியமான நேரம் நம் சட்டைப்பைக்கும் வந்துவிடுகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளின் வியப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

வந்து சேரும் அலை எவ்வளவு மெலிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோள் அனுப்புவதே சில பத்து வாட், பழைய குண்டு பல்பின் அளவு. அது 20,000 கிலோமீட்டர் பரவி வந்து சேரும்போது, சுற்றியுள்ள மின்னிரைச்சலுக்கும் அடியில் அமுங்கிக் கிடக்கும். பிறகு எப்படி அதைக் கேட்க முடிகிறது? ஒவ்வொரு ஜி.பி.எஸ். கோளுக்கும் 1,023 பூஜ்யம், ஒன்றுகளால் ஆன சொந்தத் தாளம் ஒன்று உண்டு. நொடிக்கு ஆயிரம் முறை அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். கைப்பேசியும் அந்தத் தாளத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறது. தன் பிரதியை இம்மி இம்மியாகத் தள்ளித் தள்ளி, வரும் இரைச்சலின் மேல் வைத்துப் பார்க்கும். பொருந்தாதவரை ஒன்றும் தெரியாது. சரியாகப் பொருந்திய கணத்தில் அலை பளிச்சென்று எழும். எவ்வளவு தள்ள வேண்டியிருந்தது என்பதே பயண நேரத்தைச் சொல்லிவிடும். திருவிழாக் கூட்டத்தில் ஆயிரம் குரல்களுக்கு நடுவே நம் பெயரை யாரோ கூப்பிட்டால் காதில் விழுகிறதே, அது மாதிரி.

சிம் இல்லாத பழைய போனில் லொகேஷனை இயக்கினால் முதல் தடவை ரொம்ப நேரம் தேடும். காரணம், கோள் தன் இருப்பிட விவரத்தை நொடிக்கு வெறும் 50 பிட் வேகத்தில்தான் சொல்கிறது. அதை முழுதாகக் கேட்க 30 நொடி ஆகும். எல்லாக் கோள்களின் அட்டவணையையும் கேட்டு முடிக்க 12 நிமிடத்துக்கு மேல். இணையம் உள்ள போன் அந்த விவரத்தை டவர் வழியாக முன்னமே வாங்கிக்கொள்வதால் உடனே புள்ளி வைத்துவிடுகிறது.

எல்லாம் கடைசியில் வந்து நிற்பது மேலே இருக்கும் கடிகாரத்தில். ரூபிடியம் அணு, நொடிக்குச் சுமார் 683 கோடி முறை அதிரும் ஒரு நுண்ணலைக்கு மட்டும் அசைந்துகொடுக்கும். அந்த அதிர்வை எண்ணுவதுதான் அணுக்கடிகாரம். ஆனால் அணுவே ஆனாலும் வானத்தில் அது தரையில் ஓடுவதுபோல ஓடாது. வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டீனின் சார்பியல். அந்த வகையில் நாளுக்கு 7 மைக்ரோ நொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ நொடி) பின்தங்கும். ஈர்ப்பு குறைந்த இடத்தில் கடிகாரம் வேகமாக ஓடும். அந்த வகையில் 45 மைக்ரோ நொடி முந்தும். கூட்டிக் கழித்தால் நாளுக்கு 38 மைக்ரோ நொடி முந்தல். தூரக் கணக்கில் இது ஒரே நாளில் 11 கிலோமீட்டருக்கு மேல் பிழையாகச் சேரும். 1977-ல் என்.டி.எஸ்-2 என்ற சோதனைக் கோளை அமெரிக்கர்கள் ஏவியபோது, சார்பியல் திருத்தத்தை வேண்டுமென்றே அணைத்துவைத்துச் சுமார் மூன்று வாரம் அளந்து பார்த்தார்கள். ஐன்ஸ்டீன் சொன்ன அளவை ஒட்டியே கடிகாரம் முந்தியது. அப்புறம் திருத்தத்தைப் போட்டார்கள். இன்றைக்கும் ஜி.பி.எஸ். கோள்களின் கடிகாரங்களைத் தரையிலேயே துளி மெதுவாக ஓடும்படி அமைத்துத்தான் மேலே அனுப்புகிறார்கள்.

கடிகாரம் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. இந்தியாவுக்கும் அதைச் சுற்றி 1,500 கிலோமீட்டர் வரைக்கும் வழிகாட்ட, இஸ்ரோ 2013 முதல் 2016-க்குள் ஏழு கோள்களை ஏவியது. அதுதான் நாவிக். முதல் கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ-யில் ஐரோப்பாவிலிருந்து வாங்கிய மூன்று ரூபிடியம் கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் செயலிழந்தன. கோள் நல்லபடியாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் மணி சொல்லத் தெரியாத கோளை வைத்து யாருக்கும் இடம் சொல்ல முடியாது. அதற்கு மாற்றாக 2017-ல் அனுப்பிய கோள், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாததால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. 2023 மே மாதம் ஏவப்பட்ட என்.வி.எஸ்-01 கோளில்தான் இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் முதன்முதலாகப் பறந்தது. 2025 ஜனவரியில் ஏவிய என்.வி.எஸ்-02 உரிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. இதனால் நாவிக் எதிர்பார்த்த வலுவோடு இன்னும் நிற்கவில்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அந்தக் கடிகாரத்தை நாமே செய்யக் கற்றுக்கொண்டது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன்.

கத்திப்பாரா மேம்பாலத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நாம் பாலத்தின் மேலே போய்க்கொண்டிருப்போம். மேப் நம்மைக் கீழே உள்ள சாலையில் வைத்துக்கொண்டு திரும்பச் சொல்லும். கோள்கள் எல்லாமே நம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. அதனால் பக்கவாட்டில் சில மீட்டர் துல்லியம் கிடைத்தாலும் உயரம் எப்போதும் கொஞ்சம் தள்ளாடும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அலை சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றி வருவதால், புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும்.

தென்னிந்தியாவுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் ரேடியோ அலையைத் தாமதப்படுத்தும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனையை ஒட்டிப் போவதால் இங்கே அந்த மண்டலம் கொந்தளிப்பு மிக்கது. அதை ஆராயத்தான் 1963-ல் கேரளத்தின் தும்பாவிலிருந்து ராக்கெட் விடத் தொடங்கினார்கள். விமானங்களுக்காக இந்தியா உருவாக்கிய ககன் அமைப்பு, தரை நிலையங்களில் இந்தத் தாமதத்தை அளந்து, திருத்தத்தை வேறு கோள்கள் வழியாக ஒலிபரப்புகிறது.

வீட்டு வாசலுக்கு வரும் சாப்பாடும் வாடகை வண்டியும் எல்லோருக்கும் தெரிந்தவை. கண்ணில் படாத பயன்கள்தான் பெரியவை. செல்போன் டவர்கள் தங்களுக்குள் நேரம் ஒத்துப்போவதும், மின்தொகுப்பில் ஒரு மூலையில் ஏற்படும் தடுமாற்றத்தை மற்ற மூலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இந்த நேரத்தை வைத்துத்தான். இந்தியா அமர்ந்திருக்கும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்வதை அளப்பதும் இதே அலைகள்தான். எவரெஸ்ட் உச்சியில் இந்தக் கருவியை வைத்து அளந்தே, அதன் உயரம் 8,848.86 மீட்டர் என்று 2020-ல் நேபாளமும் சீனாவும் அறிவித்தன.

மறுபடி குமரிக் கடலுக்கு வருகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். கருவிகள் இருந்தன. தாங்கள் எந்த அட்சரேகையில் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். புயல் வருகிறது என்பதைச் சொல்லத்தான் ஆள் இல்லை. கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தாண்டிவிட்டால் செல்போனும் கிடையாது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆட்களை இழந்தன. கேட்க மட்டுமே தெரிந்த கருவியின் எல்லை அது.

அதற்குப் பிறகு, 2019-ல் ஜெமினி என்ற சிறு பெட்டி வந்தது. ககன் கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையையும் மீன்வளம் உள்ள பகுதிகளின் விவரத்தையும் வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் போனுக்குத் தரும். ஆனால் அதிலும் பேச்சு ஒரு வழிதான். கோளுக்குச் செய்தி அனுப்பவும் தெரிந்த, இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிகள் இப்போது விசைப்படகுகளில் பொருத்தப்படுகின்றன. எஞ்சின் நின்றாலோ, படகில் தண்ணீர் ஏறினாலோ, அதிலிருந்து ஆபத்துச் செய்தியும் படகு நிற்கும் இடமும் கோள் வழியாகக் கரைக்குப் போய்ச் சேரும்.