மலைச்சரிவு நிதி: முதலில் வடிகால், பிறகே சுவர்

நிலச்சரிவு அபாயத்தைக் குறைக்க 15 மாநிலங்களுக்கு 1,000 கோடி ரூபாய் வழங்க 2024 நவம்பரில் மத்திய அரசின் உயர்நிலைக் குழு ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டுக்கு 50 கோடி. இது தவிர, 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு வகுத்த ஏற்பாட்டின்படி, மாநிலப் பேரிடர் நிதியில் 80 சதவீதம் மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 20 சதவீதம் பேரிடர் தணிப்புக்கும் ஒதுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு. மாநில நிதியைப் பொறுத்தவரை, மலைக்கிராமத்துச் சரிவைக் காக்கும் வேலைக்கு அந்த 20 சதவீதத்தில்தான் இடமுண்டு. அந்தப் பணம் எதில் போய் முடிகிறது என்பதுதான் முக்கியம். பெரும்பாலும் அது தடுப்புச்சுவராகிவிடுகிறது.

நீலகிரியில் 283 இடங்கள் நிலச்சரிவு அபாயப் பகுதிகளாக அடையாளம் காணப்பட்டுள்ளன. 1978, 1979, 2009 என அங்கு பெரிய நிலச்சரிவுகள் நவம்பர் மழையில் நிகழ்ந்தவை. பாறை சிதைந்து உருவான செம்மண் தடிமனாகக் கிடக்கிறது. பல இடங்களில் அதன் அடியில் களிமண் படலம். மேலே இறங்கும் நீர் களிமண்ணில் தடைபட்டுத் தேங்குகிறது. மண்துகள்களின் இடைவெளியில் நீரழுத்தம் ஏற ஏற, துகள்கள் ஒன்றையொன்று பற்றும் உராய்வு குறைகிறது. சரிவு தொடங்குவது அங்கேதான்.

4 மீட்டர் உயரச் சுவரை எடுத்துக்கொள்வோம். பின்னாலுள்ள மண் காய்ந்திருந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 5 டன் விசை தள்ளும். அதே மண்ணில் உச்சிவரை நீர் நிறைந்தால் 10 டன்னைத் தாண்டும். அதில் 8 டன் தண்ணீரின் பங்கு மட்டுமே. நீரை வெளியேற்றாத சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நம்பத்தகுந்ததல்ல.

அதனால் சுவரில் 1.5 மீட்டருக்கு ஒன்றாக, வெளிப்பக்கம் சாய்ந்த 75 முதல் 100 மி.மீ. பிவிசி குழாய்கள் வேண்டும். சுவரின் பின்புறம் 30 செ.மீ. தடிமனுக்கு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி. செலவு மிச்சம் என்று வெட்டியெடுத்த களிமண்ணையே திரும்ப நிரப்பினால், ஓரிரு மழைக்காலத்தில் குழாய் அடைபட்டுவிடும். சரிவின் தலைப்பகுதியில் வெட்டும் தடுப்புக் கால்வாய்க்குக் கட்டாயம் கான்கிரீட் பூச்சு வேண்டும். பூச்சில்லாத, அல்லது விரிசல் விட்ட கால்வாய் நீரைச் சரிவுக்குள்ளேயே இறக்கிவிடும். கால்வாயே இல்லாததைவிட அது மோசம். அதன் கடைவாய் ஓடையில் முடிய வேண்டும், கீழ்வீட்டுக்காரர் கொல்லையில் அல்ல.

செங்குத்தாக வெட்டிய சாலையோரச் சரிவுகளுக்கு மண் ஆணி முறை பொருந்தும். 100 மி.மீ. விட்டத்தில், 10 முதல் 15 பாகை கீழ்நோக்கித் துளையிட்டு, 25 அல்லது 32 மி.மீ. இரும்புக் கம்பியைச் செருகி, சிமெண்ட் கூழைத் துளையின் அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். வாயிலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று சிக்கிவிடும், கம்பி பிடிக்காது. மேலே கம்பிவலை விரித்து, தகடும் நட்டும் வைத்து முறுக்கி, புல் வளர்க்கலாம். ஆணியும் மண் வழுக்கி இறங்கும் சறுக்குத் தளத்தைத் தாண்டி உறுதியான மண்ணில் ஊன்றினால்தான் பயன். அதனால் ஆய்வுத் துளை போடாமல் ஆணியின் நீளத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

மதிப்பீடு தயாராகும்போதே மண் ஆய்வு, வடிகால், ஐந்தாண்டுப் பராமரிப்பு மூன்றும் தனித்தனி இனங்களாக இடம்பெறும்படி ஊராட்சி கேட்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பருக்குள் கால்வாயைத் தூர்வாரி, குழாய்களில் நீர் ஊற்றிப் பார்க்க ஆகும் செலவு, சுவர்ச் செலவில் சிறு பகுதிதான்.