மிஸ்ஸிங்

“வண்டி மிஸ்ஸிங் அடிக்குது” என்று மெக்கானிக்கிடம் சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. இன்ஜின் சீராக ஓடாமல் குலுங்குகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் திணறுகிறது, ஸ்டியரிங் வரைக்கும் அதிர்வு வருகிறது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் மிஸ்ஃபயர்.

பொருள் எளிது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஐட்லிங்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெட்ரோலும் காற்றும் பற்றி எரிய வேண்டும். அதாவது சிலிண்டருக்கு 400 முறை, மொத்தம் 1,600 முறை. இதில் ஏதாவது ஒரு முறை பற்றாமலோ அரைகுறையாக எரிந்தோ போனால் அதுதான் மிஸ்ஃபயர். எப்போதாவது ஒன்று விட்டுப்போனால் நமக்குத் தெரியாது. ஒரே சிலிண்டர் திரும்பத் திரும்ப விட்டால் பானெட்டே ஆடும்.

சொல் பிறந்தது கார் வருவதற்கு வெகுகாலம் முன்பு, துப்பாக்கிக்காரர்களிடம். சக்கிமுக்கிக்கல் துப்பாக்கியின் விசையை இழுத்ததும் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும், அது மருந்தில் விழும், குண்டு பாயும். மருந்து ஈரமாக இருந்தால், கல் தேய்ந்திருந்தால், ஒன்றும் நடக்காது. நம் ஊர் நமத்துப்போன பட்டாசு கதைதான். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இதை ‘மிஸ் ஃபயர்’ என்று இரண்டு சொல்லாகவும் எழுதினார்கள். இன்ஜினிலும் பொறி, எரிபொருள், வெடிப்பு என்று அதே வரிசை இருந்ததால் சொல் அப்படியே இடம்பெயர்ந்தது.

இதில் ‘மிஸ்’ என்பது நிகழாமல் போனதைச் சொல்கிறது, பிழையாக நிகழ்ந்ததை அல்ல. அதனால் ‘தவறான எரிப்பு’ என்று மொழிபெயர்த்தால் பொருள் வேறெங்கோ போய்விடும். தவறான இடத்தில் எரிவது இன்னொரு கோளாறு. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் ‘டப்’பென்று வெடிக்கிறதே, அது பேக்ஃபயர். பட்டறையில் புழங்கும் ‘மிஸ்ஸிங்’ மூலப்பொருளைச் சரியாகவே பிடித்திருக்கிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘தவறு’ வினையாக வரும்போது நிகழாமல் போவதைத்தான் குறிக்கும்: பருவமழை தவறியது, தவணை தவறியது. அந்த வினையையே வைத்து, பெயராக ‘எரிதவறல்’ என்றும், பேசும்போது ‘மூன்றாவது சிலிண்டர் பற்றத் தவறுகிறது’ என்றும் சொன்னால் கேட்டவுடனே விளங்கும். ‘தீப்பற்றாமை’ என்றும் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அது எப்போதுமே பற்றாத பொருளைச் சொல்வது போல இருக்கிறது. விட்டுவிட்டு வருவது இதில் ஒலிக்கவில்லை.

பழைய இன்ஜெக்ஷன் கார்களில் தலைவலியே இந்த ‘விட்டுவிட்டு’தான். 1998-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி வந்த சான்ட்ரோ போன்ற வண்டிகளை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “மெக்கானிக்கிட்ட போனா நல்லா ஓடுது.”

ஆகவே எந்த நேரத்தில் வருகிறது என்பதே முதல் தடயம். மழையிலும் பனிக்காலையிலும் மட்டும் வந்தால் பிளக் வயர் (பொறி தரும் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொண்டுபோவது) மேல் சந்தேகப்படலாம். உறை வெடித்த வயரில் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கத்து இரும்புக்குத் தாவும். இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் நீலப்பொறி கண்ணிலேயே தெரியும் (கை வைக்காதீர்கள், ஆயிரக்கணக்கான வோல்ட்). ஐட்லிங்கில் மட்டும் குலுங்கி, வேகமெடுத்தால் சரியாகிவிட்டால் வாக்குவம் ஹோஸ் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய்) எங்காவது வெடித்திருக்கலாம். அந்த வழியாக நுழையும் கள்ளக்காற்று, இன்ஜின் குறைவாக மூச்சு வாங்கும்போதுதான் பெரிய பங்காக இருக்கும். மேடேறும்போது வந்தால் இடைவெளி அதிகமான பிளக், பலமிழந்த காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), அடைத்துப்போன ஃபியூவல் ஃபில்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சூடேறியபின் வருவதுதான் கொடுமை. காயிலுக்குள்ளும், இன்ஜினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாருக்குள்ளும் இருப்பது மெல்லிய கம்பிச்சுற்று. சூட்டில் விரிந்து தொடுப்பு விடும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். ஆறிய நிலையில் மல்டிமீட்டர் வைத்தால் ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்றே சொல்லும், அதனால் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஒரு வேறுபாடும் உண்டு. கிராங்க் சென்சார் விட்டால் எல்லாச் சிலிண்டரும் ஒன்றாக நிற்கும், ஆர்பிஎம் முள்ளும் பெரும்பாலும் சட்டென்று விழும். அதை மிஸ்ஸிங் என்று சொல்லாமல் ‘கட் ஆகுது’ என்று சொன்னால் மெக்கானிக்குக் கால்வாசி வேலை மிச்சம்.

அடுத்தது, எந்தச் சிலிண்டர்? ஐட்லிங்கில் ஓடவிட்டு இன்ஜெக்டரின் (பெட்ரோலைத் தெளிப்பது) மின் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார்கள். எதைக் கழற்றினாலும் இன்ஜின் தடுமாற வேண்டும், தடுமாறவில்லை என்றால் குற்றவாளி அந்தச் சிலிண்டர். சிலர் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். ஷாக் அடிக்கும் என்பதோடு, எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரிந்து அதைப் பாழாக்கும். அப்புறம் அந்தப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் சந்தேகம். காய்ந்து வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. இரண்டும் சரியென்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுந்துவது, சரியில்லை. பிளக்கையோ வயரையோ பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, மிஸ்ஸிங்கும் கூடவே போகிறதா என்று பார்ப்பது செலவில்லாத சோதனை.

கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டினால் உடனே தெரிந்துவிடாதா என்பார்கள். கிராங்க் சுழலும் வேகத்தில் விழும் நொடிநேரத் தொய்வை வைத்து ஈசிஎம் (இன்ஜினை இயக்கும் கணினி) எரிதவறலைக் கண்டுபிடிக்கும், உண்மைதான். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நான்காவது, எதுவென்று பிடிபடாவிட்டால் பி0300. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு இந்தக் கண்காணிப்பு கட்டாயம். இங்கே அதைச் செய்யும் இரண்டாம் கட்ட ஓபிடி (வண்டியே தன் கோளாறைக் கண்டறியும் ஏற்பாடு) வந்தது 2013-ல், ஆகவே அதற்கு முந்தைய பல வண்டிகளில் இந்தக் குறியீடு கிடைக்கவே கிடைக்காது. கிடைப்பதும் சில நேரம் ஏமாற்றும். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன் அப்படியே வெளியேறும். ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்து ‘பெட்ரோல் குறைவு’ என்று சொல்ல, ஈசிஎம் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும். ஸ்கேனரும் ‘லீன்’ என்று காட்டும். ஒழுங்காக வேலை செய்த சென்சாரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார்கள், பழுதான பிளக் வயர் அங்கேயே இருக்கும்.